மாவில் நடந்த மாமியார்

மாமியார் காலமாகி ஆறாம் நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, சாத்திக் கிடந்த மாமியாரின் அறைக்குள் மாமியார் இருமினார்.

கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து போனவருக்கு எரித்து அனுப்ப மஞ்சள் காகிதத்தில் தாமரை மடித்துக்கொண்டிருந்த நான்கு பேரின் எட்டுக் கைகளும் அப்படியே நின்றன. ஏனோதானோ இருமல் இல்லை அது. முதலில் தொண்டையில் ஒரு கரகரப்பு. பிறகு இரண்டு குட்டி இருமல். கடைசியில் உலகத்தின் மேலேயே சலிப்புத் தட்டியதுபோல் நாக்கால் ஒரு 'த்ச்'. சியாயி நகரத்தின் தெற்குப் பாதி முழுவதும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்னாருடையது என்று சொல்லிவிடும் இருமல்.

"கேட்டுச்சா?" என்றார் மூத்த மகன் சுன்ஹே. உதடு மட்டும்தான் அசைந்தது. குரல் வயிற்றுக்குள் இறங்கி ஒளிந்துகொண்டிருந்தது.

"கேட்டுச்சுண்ணா," என்றாள் தங்கை யூச்சின். அவள் கையிலிருந்த தாமரை காற்றில்லாமலே ஆடியது.

கிழவியைப் பதினோரு வருஷமாகப் பார்த்துக்கொண்ட இந்தோனேசியப் பெண் வாயுனி, பாதி மடித்த காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

நான்காமவர் யூச்சினின் புருஷன் தெங்ஷான். ரயில்வேயில் முப்பத்து மூன்று வருஷம் டிக்கெட் பார்த்துவிட்டு, டிக்கெட் இல்லாதவனிடம்கூடக் குரலை உயர்த்தாமல் ஓய்வு பெற்ற மனிதர். அந்த வீட்டிலேயே அதிகமாக நடுங்கியவர் அவர்தான். ஏனென்றால் இருமியது யார் என்று அவருக்கு மட்டும் தெரியும்.

இருமியது டோஃபு.

டோஃபுவும் இஞ்சியும் தெங்ஷானின் காக்கட்டீல் கிளிகள். உள்ளங்கையளவு உடம்பு, கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் மனசைக் காட்டிக்கொடுக்கும் கொண்டை. கொண்டை குத்திட்டு நின்றால் பயம். பாதியில் நின்றால் நல்ல புத்தி. தலையோடு படிந்துவிட்டால் எதிரே இருப்பவர் விரலை எண்ணிக்கொள்வது நல்லது. டோஃபு ஆண்; காதில் விழுந்ததையெல்லாம் திருப்பிப் பாடுவான். இஞ்சி பெண், அவளுக்கு ஒரு நாளில் நான்கு பருவமும் வந்துபோகும்.

அப்புறம் அந்தத் தூள். இந்தச் சாதிக் கிளிகள் சிறகை ஒருமுறை உதறினால் மாவு மில் திறந்ததுபோல் வெள்ளைப் பொடி கிளம்பும். தெங்ஷான் வீட்டில் சோயா சாஸ் பாட்டில் இரண்டு நாள் துடைக்காவிட்டால் பால் பாட்டிலாகிவிடும். காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று வாங்கினார்கள். அது மூன்று மாதம் மூச்சுத் திணறிவிட்டு, ஒருநாள் தானாகவே நின்றுவிட்டது. மாமியார் எட்டு வருஷமாக வீட்டுக்குள்ளேயே முகமூடி போட்டுக்கொண்டு திரிந்தார். தூள் படிந்த மேஜையில் விரலால் 'மருமகன் வாழ்க' என்று எழுதிவைத்துவிட்டு, தெங்ஷான் பார்க்கும் வரை பக்கத்திலேயே நின்று இருமுவார்.

மாமியார் கண்ணை மூடியதும் மூத்த மகன் என்ற முறையில் சுன்ஹே தாய்ச்சுங்கிலிருந்து வந்து இறங்கினார். முறைப்படி சடங்கெல்லாம் மகன் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஆனால் மகன் வீடு பதினோராவது மாடி. 'உயிரோட இருந்தாலும் செத்தாலும் நான் லிஃப்டுல ஏறமாட்டேன்' என்று கிழவி சொல்லிவைத்திருந்ததால், படமும் பெயர்ப்பலகையும் ஊதுவத்தியும் மகள் வீட்டுக் கூடத்திலேயே அமர்ந்தன. துக்கம் காக்கும் நாற்பத்தொன்பது நாளும் வீடு மகனுடையதாகிவிட்டது.

மகன் போட்ட முதல் உத்தரவு கிளிகளைப் பற்றியது.

"மாப்ளே, அந்தக் கிளிங்களை இன்னைக்கே வெளிய அனுப்பு. செத்தவங்களை மிருகம் தாண்டக் கூடாது. தாண்டுனா எழுந்து உக்காந்துடுவாங்க."

"அது பூனைக்குத்தானே மச்சான்? அதோட அத்தை இங்க இல்லையே, மயானத்துக் குளிர் அறையில இல்ல இருக்காங்க? இங்க படம்தானே இருக்கு?"

"எங்கம்மாவுக்குப் படமே போதும்," என்றார் சுன்ஹே.

தெங்ஷான் நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். போதும் என்றுதான் அவருக்கும் பட்டது.

தௌலியூவில் இருக்கும் பழைய ரயில்வே நண்பனிடம் விடுவதாகச் சொல்லிவிட்டுக் கூண்டோடு கிளம்பினார். நண்பனின் மனைவி கூண்டைப் பார்த்த கணத்திலேயே பதினேழு தும்மல் போட்டாள். இன்னொரு வீட்டைத் தேட தெங்ஷானுக்கு மனம் வரவில்லை. முன்பு ஒருமுறை இரண்டு நாள் இடம் மாற்றியதற்கே இஞ்சி தன் மார்பு இறகை எல்லாம் பிடுங்கிக்கொண்டு, உரித்த கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆகவே கூண்டைத் திரும்பக் கொண்டுவந்து, வீட்டிலேயே யாரும் நுழையாத இடம் எது என்று யோசித்தார்.

மாமியாரின் அறை. ஏழாம் நாள் முடியும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்று சுன்ஹேயே கதவில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார். தெங்ஷான் தாளை நோகாமல் உரித்து, கூண்டை உள்ளே வைத்து, கனத்த போர்வையால் மூடி, தாளை மறுபடி ஒட்டினார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் குற்றம் அது. அருமையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, டோஃபு இருமும் வரை.

இப்போது எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். சுன்ஹே எழுந்திருக்கப் போனார்.

"நான்தான்," என்றார் தெங்ஷான் அவசரமாக. "நான்தான் இருமினேன் மச்சான்."

"நீ இங்கல்ல உக்காந்திருக்கே? சத்தம் அங்கிருந்து வந்துச்சு."

"கூடம் எதிரொலிக்குது." நிரூபித்தாக வேண்டுமே. தெங்ஷான் கரகரத்து, இரண்டு குட்டி இருமல் இருமி, பழக்கதோஷத்தில் 'த்ச்' என்றும் முடித்துவிட்டார். எட்டு வருஷம் தினமும் கேட்ட சங்கதி. அச்சு அசலாக வந்துவிட்டது.

யூச்சினின் கையிலிருந்த தாமரை கீழே விழுந்தது. "அண்ணா. அம்மா."

"எங்க?"

"இவருக்குள்ள."

சுன்ஹே காரிய மனிதர். பூஜை மேஜையிலிருந்து இரண்டு பிறைக் கட்டைகளை எடுத்தார். "அம்மா, மாப்பிள்ளை உடம்புலயா வந்திருக்கே?" என்று கேட்டுத் தரையில் போட்டார். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் ஆமாம் என்று பொருள். அப்படித்தான் விழுந்தது. மூன்று முறை போட்டார். மூன்று முறையும் அப்படியே விழுந்தது. அந்தக் கட்டைகள் அதற்கு முன்பு அந்த வீட்டில் எந்தக் கேள்விக்கும் இவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

அண்ணனும் தங்கையும் தெங்ஷான் முன்னால் மண்டியிட்டார்கள்.

"அம்மா," என்றாள் யூச்சின், இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்திய புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு. "அந்தப் பச்சைக்கல் வளையலை எங்கம்மா வெச்சே? தேடாத இடமில்ல."

தெங்ஷானுக்கு வியர்த்தது. இல்லை என்றால் யார் இருமினார்கள் என்ற கேள்வி வரும். ஆமாம் என்றால் வளையல் எங்கே என்ற கேள்வி இருக்கிறது. அந்த இக்கட்டில்தான், கோழைகளுக்கு வாழ்நாளில் ஒருமுறை வரும் துணிச்சல் அவருக்கு வந்து தொலைத்தது. மாமியாராக இருக்கும் இந்த ஐந்து நிமிஷத்தில் கிளிகளைக் காப்பாற்றிவிட்டால் என்ன?

"சுன்ஹே," என்றார் கீச்சுக் குரலில். "அந்தக் கிளிங்களைத் தொரத்தாதடா. பாவம்டா அதுங்க. வீட்டுலயே இருக்கட்டும்."

சுன்ஹே மெதுவாக எழுந்து நின்றார். முகம் மாறிவிட்டது.

"இது எங்கம்மா இல்ல."

"அண்ணா?"

"எங்கம்மா செத்துப் பொழைச்சாலும் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டா. ஃபோன்ல என்கிட்ட அரை மணி நேரம் பேசினா, இருபது நிமிஷம் அந்தக் கிளிங்களைத் திட்டுவா. இது ஏதோ ஊர்சுத்தி ஆவி. அம்மா பேரைச் சொல்லிட்டு உள்ள புகுந்திருக்கு. வாயுனி, உப்பும் அரிசியும் கொண்டா."

"எவ்வளவு ஐயா?"

"நிறைய."

வாயுனி கிண்ணம் நிறையக் கொண்டுவந்தாள். சுன்ஹே பிடி பிடியாக அள்ளித் தெங்ஷான் மேல் வீசினார். குறி தவறக்கூடாது என்பதற்காகக் கிட்டத்தில் நின்று வீசினார். காதுக்குள் அரிசி, கண்ணுக்குள் உப்பு, சட்டைப் பைக்குள் இரண்டும்.

"போயிடுச்சு மச்சான், போயிடுச்சு," என்றார் தெங்ஷான். "நான்தான். உங்க மாப்பிள்ளைதான்."

"எதுக்கும் இன்னும் ரெண்டு பிடி." அதையும் வீசிவிட்டு சுன்ஹே மூச்சு வாங்க உட்கார்ந்தார். "இதுக்கெல்லாம் காரணம் அந்தக் கிளிங்கதான். சாவு வீட்டுல அதுங்க விசில் அடிச்சு எதையோ கூப்பிட்டு வெச்சிருக்கு. மாப்ளே, உன் சிநேகிதன் விலாசத்தை எழுதிக்குடு. நாளைக்கு ஏழாம் நாள் சடங்கு முடிஞ்சதும் நானே தௌலியூ போய், கூண்டைத் திறந்து ரெண்டையும் பறக்கவிட்டுட்டு வந்துடறேன். அம்மாவுக்குப் புண்ணியமாவும் இருக்கும்."

தெங்ஷான் கிளிகளை நினைத்துக்கொண்டார். எட்டு வருஷமாக மனிதன் கையில் தினை கொத்திய உயிர்கள். மரத்தைப் பார்த்தாலே இஞ்சிக்குக் கொண்டை குத்திட்டு நிற்கும். வெளியே விட்டால் ஒரு நாள். காக்கை பார்த்துவிட்டால் அரை நாள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து, அவர் அறைக்குள் வந்தால் சந்தோஷப்பட்டு ஒரு குரல் எழுவது அந்தக் கூண்டிலிருந்து மட்டும்தான்.

விலாசத்தை எழுதினார். அது யாராலும் படிக்க முடியாததாக வந்தது. அதுவரைக்கும் நல்லது.

அப்போது குப்பை வண்டியின் பாட்டு கேட்டது.

சியாயியில் அந்தப் பாட்டுக் கேட்டால் மனிதர்கள் யோசிப்பதில்லை. கல்யாண மேடையில் இருப்பவனும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். சுன்ஹே சமையலறைப் பையை எடுத்தார். யூச்சின் காகிதப் பையை எடுத்தாள். வாயுனி எச்சில் வாளியைத் தூக்கினாள். மூவரும் துக்க உடையில் தெருவுக்குப் பறந்தார்கள். தெங்ஷானும் பழக்கத்தில் இரண்டு எட்டு ஓடிவிட்டுத்தான் நின்றார். பாட்டு தெருவிலிருந்து வரவில்லை. மாமியாரின் அறையிலிருந்து வந்தது. மூன்றாம் வரியில் சுருதி பிசகியது. டோஃபுவுக்கு எப்போதும் அந்த இடத்தில் பிசகும்.

கிடைத்த அவகாசத்தில் மஞ்சள் தாளை உரித்து உள்ளே புகுந்தார். ஆறு நாள் அடைத்த அறை. நிலைக்கண்ணாடி முகம் தெரியாமல் வெளுத்திருந்தது. கட்டில், தலையணை, கிழவியின் செருப்பு, எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் தூள். போர்வையை விலக்கினார். டோஃபு பெருமையாகப் பார்த்தான். இஞ்சி கொண்டையைத் தலையோடு படியவைத்துப் பாம்புபோல் சீறினாள். போதாததற்கு, கூண்டுக் கதவின் கொக்கியை அலகால் பாதி தூக்கியும் வைத்திருந்தாள்.

"தாயே, ராத்திரி மட்டும் பொறுத்துக்கோ," என்றார் தெங்ஷான். கொக்கியைக் கம்பியால் நான்கு சுற்றுச் சுற்றி முறுக்கினார். கூண்டை மாடிக்குக் கொண்டுபோய்விடலாம் என்று தூக்கியபோது வாசலில் சுன்ஹேயின் குரல் கேட்டது. கூண்டை வைத்தார், போர்வையைப் போட்டார், வெளியே வந்தார், தாளை ஒட்டினார். தலைகீழாக ஒட்டினார்.

"வண்டியே வரல," என்றார் சுன்ஹே, பையோடு திரும்பி வந்து. "தெருவுல ஒரு ஈ காக்கா இல்ல. நாங்க மூணு பேரும் பையைத் தூக்கிட்டு நிக்கறோம், எதிர்வீட்டுக்காரன் ஃபோட்டோ எடுக்கறான்." சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். குரல் தழைந்தது. "உயிரோட இருந்தப்ப அம்மா இப்படித்தான். வண்டி வரதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே எல்லாரையும் வெரட்டிவிடுவா."

சரியாகப் பத்து நிமிஷம் கழித்து உண்மையான வண்டி வந்தது. அண்ணனும் தங்கையும் அதன் பின்னால் அழுதுகொண்டே ஓடினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் மாவு தூவினார்கள். ஏழாம் நாளுக்கு முந்தைய இரவில் போனவர் ஒருமுறை வீட்டைப் பார்க்க வருவார். மாவில் எந்தக் கால் பதிகிறதோ, அதுதான் அவர் எடுக்கப்போகும் அடுத்த உடம்பு. சுன்ஹே மாவுப் பையைத் தெங்ஷானிடமே கொடுத்தார். "நீ தூவு. ஆவி புகுந்த உடம்பு, உனக்கும் ஒரு பரிகாரமா இருக்கும்."

மாமியாரின் அறைக்கதவிலிருந்து பூஜை மேஜை வரை, அங்கிருந்து சமையலறை வாசல் வரை, மழை பெய்ததுபோல் சமமாகத் தூவினார் தெங்ஷான். கடைசிப் பிடியைத் தூவி நிமிர்ந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. இனி காலை வரை அந்த அறைக்குப் போக வேண்டுமென்றால் இந்த மாவில்தான் மிதித்தாக வேண்டும். தன் கையாலேயே தன் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்.

"விடியற வரைக்கும் யாரும் அறையை விட்டு வெளிய வரக் கூடாது," என்றார் சுன்ஹே. "திரும்பி வரவங்களை நாம பாத்துட்டா அவங்க போகமாட்டாங்க."

பிறகு தெங்ஷானின் காதருகே வந்து, "பாத்துட்டா நம்மளையும் கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னும் சொல்றாங்க," என்றார்.

எல்லோரும் மாடி ஏறினார்கள். வாயுனி சமையலறையை ஒட்டிய தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தெங்ஷான் அந்த இரவைக் கழித்த விதத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: கொக்கிக்குக் கம்பியை நான்கு சுற்றுச் சுற்றினோமா, மூன்றுதானா?

விடிந்ததும் நால்வரும் கூடத்தில் கூடினார்கள். சுன்ஹே முதலில் குனிந்தார். அடுத்த கணம் தரையோடு தரையாகிவிட்டார்.

"அம்மா."

மாவில் பறவைக் கால் பதிந்திருந்தது. மாமியாரின் கதவிலிருந்து கிளம்பி, பூஜை மேஜை வரை வந்து, தன் படத்தைத் தானே சற்று நேரம் பார்த்ததுபோல் அங்கேயே வளைய வந்து, பிறகு சமையலறைப் பக்கம் போயிருந்தது.

தெங்ஷானுக்குக் கண் இருண்டது. மூன்று சுற்றுதான். கதவுக்கடியில் இடுக்கில் நுழைந்து இஞ்சி வெளியே வந்துவிட்டாள். இனி ஒரு நிமிஷத்தில் கதவைத் திறப்பார்கள், அடுத்த நிமிஷத்தில் ஜன்னலைத் திறப்பார்கள்.

"மச்சான், நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ எதுவும் சொல்லாதே," என்றார் சுன்ஹே. கண்ணீர் தாடையில் சொட்டியது. "தப்பு என்னோடது. அம்மா பறவையாகப் போறா. அவ இனத்தைத்தான் நான் வீட்டை விட்டுத் துரத்தினேன். நேத்து உன் வாய்ல வந்து அத்தனை கெஞ்சினாளே. அவமேல உப்பை வீசினேனே, பாவி. மாப்ளே, அந்தக் கிளிங்க இந்த வீட்டுலதான் இருக்கணும். நீ செத்தாலும் அதுங்க இங்கதான் இருக்கணும்."

தெங்ஷானுக்குக் காதை நம்ப முடியவில்லை. ஜெயித்துவிட்டார். ஒன்றுமே செய்யாமல் ஜெயித்துவிட்டார். சந்தோஷத்தில் அவரும் மண்டியிட்டு, மாவிலிருந்த அந்தப் புண்ணியக் காலை அன்போடு பார்த்தார்.

பார்த்தவருக்கு முதுகுத்தண்டில் ஐஸ் வழிந்தது.

கிளிக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். எட்டு வருஷமாகத் தன் தோளிலும் தலையிலும் மேஜைத் தூளிலும் பார்த்துவரும் கால். மாவில் இருந்ததில் முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. அளவும் பெரிது. அதைவிட மோசம், வலது இடது என்று மாறி மாறி விழவில்லை. ஒரே கால், ஒரே கோட்டில், நொண்டி நொண்டி வந்திருந்தது.

"ஒத்தைக் கால்," என்று அவர் வாய்விட்டே சொல்லிவிட்டார்.

"இடது முட்டி," என்று விம்மினாள் யூச்சின். "அம்மாவுக்கு இடது முட்டி தேஞ்சுபோச்சுன்னு டாக்டர் சொன்னாரே. செத்தும் வலி போகல பாருங்க."

சுன்ஹே எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அறைக்கதவின் தாளை மரியாதையோடு உரித்தார். கதவு திறந்தது. உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. போர்வைக்கடியில் கூண்டு இருந்தது. போர்வையை எடுத்தார்கள். கூண்டில் டோஃபுவும் இஞ்சியும் இருந்தார்கள்.

சுன்ஹே கூண்டை ஒருமுறை சுற்றி வந்தார்.

"தௌலியூவிலிருந்து வந்திருக்காங்க," என்றார் சுன்ஹே கடைசியில்.

"கூண்டோடவா?" என்றாள் யூச்சின்.

"எங்கம்மா எதையாவது பாதியில விட்டுட்டு வந்து பாத்திருக்கியா?"

தெங்ஷான் கொக்கியைத்தான் பார்த்தார். கம்பி நான்கு சுற்று. முறுக்கு முறுக்காக, அவர் போட்டபடியே இருந்தது. யாரும் வெளியே வரவில்லை. அப்படியென்றால் மாவில் நடந்தது?

மேஜையில் எழுதிய 'மருமகன் வாழ்க' ஒவ்வொன்றும் அவர் நினைவில் வந்தது. 'இன்னும் எத்தனை வருஷம்தான் இருமும் இந்தக் கிழம்' என்று டோஃபுவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னதும் வந்தது. மாமியாருக்கு அதெல்லாம் இப்போது தெரிந்திருக்கும். செத்தவர்களுக்கு எல்லாம் தெரியும். நொண்டிக்கொண்டாவது வந்து கணக்குத் தீர்ப்பார்கள்.

"மச்சான்," என்றார் தெங்ஷான். குரல் அழுவதுபோல் வந்தது. "கிளிங்க இங்க வேண்டாம். எங்கயாவது குடுத்துடலாம். இன்னைக்கே குடுத்துடலாம்."

"என்ன பேச்சுப் பேசறே? அம்மாவை அனாதையா விடச் சொல்றியா?"

"உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்."

"பதினோராவது மாடி. லிஃப்டு. மறந்துட்டியா?"

யூச்சின் கூண்டருகே உட்கார்ந்து, "அம்மா, எது நீ?" என்றாள். டோஃபு குப்பை வண்டிப் பாட்டின் முதல் வரியை விசிலடித்தான். இஞ்சி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்து, தெங்ஷானிடம் வந்ததும் கொண்டையைப் படியவைத்துச் சீறினாள்.

"இதுதான்," என்றார்கள் அண்ணனும் தங்கையும் ஒரே நேரத்தில்.

யூச்சின் கம்பியைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். இஞ்சி ஒரு சொட்டுக் கோபமில்லாமல் அவள் விரலில் ஏறிக்கொண்டாள். சுன்ஹே எதிரே கைகூப்பி, "இனிமே உன்னை யாரும் எதுவும் சொல்லமாட்டாங்கம்மா. மாப்பிள்ளை தினம் உனக்குக் கால் பிடிச்சுவிடுவார்," என்று வாக்குக் கொடுத்தார். இஞ்சி இறக்கையை ஒருமுறை உதறினாள். கிளம்பிய தூள் மூவரின் கறுப்பு உடையிலும் இறங்கியது. அண்ணனும் தங்கையும் அதைத் துடைக்காமல் நெற்றியில் இட்டுக்கொண்டார்கள்.

தெங்ஷான் மெல்லப் பின்வாங்கினார். சுவரோரமாக, அந்த மூன்று விரல் கால்களை மிதிக்காமல், அவற்றின் பக்கமே திரும்பாமல், சமையலறைக்குள் நழுவினார். வாயுனி அடுப்படியில் காலைக் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பேயைப் பற்றி அவளிடம்தான் பேச முடியும். மற்ற இருவரும் இப்போது பேயின் பக்கம்.

"வாயுனி," என்றார். பல் தந்தியடித்தது. "யாருகிட்டயும் சொல்லாதே. மாவுல இருக்கறது கிளிக் கால் இல்ல. கூண்டு ராத்திரி திறக்கவே இல்ல. உள்ள வந்தது வேற. நிஜமாவே அவங்கதான் வந்திருக்காங்க. என்னைத் தேடித்தான் வந்திருக்காங்க. நீ பதினோரு வருஷம் கூட இருந்தவ. சொல்லு, அவங்களுக்கு என்னதான் வேணும்?"

வாயுனி அடுப்பைத் தணித்தாள். கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"பயப்படாதீங்க ஐயா, 'நான் செத்தா பெரியவன் என் கிளிங்களைத் தொரத்திடுவான், ஏழாம் நாள் மாவுல பறவைக் காலைப் பதிச்சு வெச்சிடு'ன்னு பெரியம்மாதான் என்கிட்ட சொல்லிட்டுப் போனாங்க, எந்தப் பறவைன்னு சொல்லல, ஃப்ரீசர்ல ஒத்தைக் கோழிக்கால்தான் மிச்சம் இருந்துச்சு."